வல்லினத்தில் ஒரு பெயர்

இன்றைக்கு நேர்முகத்தில் பெயரை முதலில் சொல்லாமல் படிப்பை முதலில் சொன்னால் என்ன என்று தமயந்திக்குக் குளித்துக்கொண்டிருக்கும்போது தோன்றியது. எம்.எஸ்ஸி. வேதியியல் முடிச்சிருக்கேன், என் பேர் தமயந்தி. அப்படி ஆரம்பித்தால் முதல் எழுத்தில் ஏறி, இறக்கத்தில் சைக்கிள் உருள்கிற மாதிரி உருண்டு வந்து, அந்த வேகத்திலேயே பெயரைத் தாண்டிவிடலாம். மக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். வந்தது. இன்னொரு முறை சொன்னாள். வந்தது. குளியலறையில் எப்போதும் வரும். தண்ணீர் வாளியில் விழுகிற சத்தத்துக்குள், ஈரச் சுவருக்கு முன்னால், அவளுக்குத் திக்கல் என்பதே கிடையாது. வானொலியில் செய்தி வாசிக்கிறவளைப் போலத் தமயந்தி, தமயந்தி பத்மநாபன், கே.கே. நகர், திருச்சிராப்பள்ளி என்று அடுக்கிக்கொண்டே போவாள். எதிரில் ஒரு முகம் வந்தால்தான் சிக்கல். முகம் வந்து, அந்த முகத்தில் இரண்டு கண்கள் அவள் உதட்டைப் பார்க்க ஆரம்பித்தால், நாக்கு பல்லுக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். உள்ளேயிருந்து யாரோ தாழ் போட்டுக்கொண்ட மாதிரி. ஏழாம் வகுப்பில் மரியபுஷ்பம் டீச்சர் கரும்பலகையில் மூன்று கட்டம் போட்டு வல்லினம், மெல்லினம், இடையினம் என்று எழுதினபோது மற்றவர்களுக்கெல்லாம் அது பரீட்சைக்கு வருகிற இரண்டு மார்க். தமயந்தி மட்டும் பேனாவை மூடிவிட்டுப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். க ச ட த ப ற. தன் வாயைத் திறந்து யாரோ உள்ளே எட்டிப் பார்த்து எழுதிவைத்த மாதிரி இருந்தது. தனக்கு மட்டும் தெரிந்த ரகசியம் என்று நினைத்திருந்ததை எந்தக் காலத்திலோ கட்டம் கட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மீனா, மாலா, வனஜா, யாழினி, உலகத்தில் எத்தனை பெயர் இருக்கிறது. அம்மா போய் வல்லினத்தில் ஆரம்பித்து வல்லினத்தில் முடிகிற ஒரு பெயரைத் தேடிப் பிடித்து வைத்தாள். அம்மாவைச் சொல்லிக் குற்றமில்லை. பிறந்த குழந்தை அழுததே தவிரத் திக்கவில்லை. திக்கல் என்கிற சொல்லை உண்டாக்கினவன்தான் மோசம். அந்தச் சொல்லைச் சொல்லவேண்டிய அவசியம் யாருக்கு வரும் என்று ஒரு நிமிஷம் அவன் யோசித்திருக்கலாம்.

"தமா, நேரமாகுது" என்று பத்மநாபன் வெளியிலிருந்து குரல் கொடுத்தான். "ஆச்சுங்க" என்றாள். அது சுலபம். உயிரெழுத்தில் ஆரம்பிப்பதெல்லாம் சுலபம். கல்யாணமான புதிதில் அவன் பெயரைச் சொல்லாமல் என்னங்க, ஏங்க என்றே கூப்பிடுகிறாள் என்று மாமியார் வீட்டில் அத்தனை பேருக்கும் சந்தோஷம். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பெண்ணா என்று பக்கத்து வீட்டில்கூடப் போய்ச் சொன்னார்கள். பத்மநாபன் என்பதில் எத்தனை தாழ்ப்பாள் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. அவள் ஈரத் தலையைத் துண்டால் முறுக்கிக்கொண்டு வந்து அலமாரியைத் திறந்தாள். பழுப்பா, நீலமா. நீலம் கட்டினால் பேர் கேட்கிறவர்களுக்கு ஏதோ ஒரு வங்கி அதிகாரி மாதிரி இருக்கும், நிறைய எதிர்பார்ப்பார்கள். பழுப்பு கட்டினால் எதையும் எதிர்பார்க்கமாட்டார்கள். பழுப்பை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். பெண் பார்க்க வந்தபோதும் இப்படித்தான், கையில் இரண்டு சேலையோடு நின்றாள். அம்மா வந்து பச்சையை எடுத்துக் கொடுத்துவிட்டு, "நீ ஒண்ணும் பேச வேணாம், தலையை ஆட்டினா போதும், மத்ததை நான் பாத்துக்கிறேன்" என்றாள். கூடத்தில் உட்கார்ந்திருந்த அவனுடைய பெரியம்மா "பேர் என்னம்மா" என்று கேட்டார். கேட்டுவிட்டுக் காபியை ஆற்றிக்கொண்டே இவள் வாயையே பார்த்தார். அந்தப் பெரியம்மாவின் மூக்குத்தி இன்னும் கண்ணில் நிற்கிறது. அம்மா குறுக்கே புகுந்து "தமயந்தி" என்றாள். "பேச்சையே காணோமே" என்றார் பெரியம்மா. "கூச்ச சுபாவம், வளத்த விதம் அப்படி" என்றாள் அம்மா. எல்லாரும் சிரித்தார்கள். அந்த நேர்முகத்தில் தேறிவிட்டாள். வாயைத் திறக்காமலே தேறினது வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

தேறினபிறகு மறைத்துவைப்பதுதான் பெரிய பாடு. கல்யாணம் முடிந்து ரயிலில் போகும்போது என்ன சாப்பிடுகிறாய் என்று அவன் கேட்டான். தோசை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். 'தோ' வரவில்லை. "இட்லி" என்றாள். அடுத்த நாளும் இட்லி என்றாள். அவள் இட்லியை விரும்பிச் சாப்பிடுகிறவள் என்று அவன் நம்பிக்கொண்டு, எந்த ஊருக்குப் போனாலும் நல்ல இட்லி எங்கே கிடைக்கும் என்று விசாரித்து, மெனக்கெட்டு நடந்துபோய் வாங்கி வந்தான். இட்லியைப் பிட்டாலே நெஞ்சை அடைக்கும் அவளுக்கு. ஒருநாள் இரவு சாப்பாட்டு மேஜையில் அழுதுவிட்டாள். அழுதுகொண்டே, நின்று நின்று, எல்லாவற்றையும் சொன்னாள். அவன் முழுக்கக் கேட்டான். பிறகு "இவ்வளவுதானா, நான்கூட என்னமோன்னு பயந்துட்டேன்" என்று சொல்லி எழுந்துபோய்க் கல்லை அடுப்பில் வைத்தான். மாவு புளிக்கவில்லை, தோசை வெள்ளையாகத்தான் வந்தது. அன்றைக்கு அவனைப் பிடித்த மாதிரி அவளுக்கு வேறு யாரையும் பிடித்ததில்லை. அவன் நல்லவன். அதுதான் சொல்லத் தெரியாத இடம். கெட்டவனாக இருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

கடைசியில் நீலத்தைத்தான் கட்டினாள். முந்தானையில் ஊசி குத்திக்கொண்டாள். ஆதிரை பள்ளிக்கூட வேனில் ஏறிப் போய்விட்டாள். போகும்போது வாசலில் நின்று, "அம்மா, நேத்து ராத்திரி எனக்குச் சொன்ன மாதிரியே சொல்லு" என்றாள். நேற்றுச் சாப்பிட்டபிறகு மகள்தான் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அப்பாவின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, உங்க பேர் என்ன, ஏன் இந்த வேலைக்கு வரீங்க என்று கேள்வி கேட்டாள். அவளிடம் தமயந்தியால் எல்லாவற்றையும் தடங்கலில்லாமல் சொல்ல முடிந்தது. ஆதிரை முன்னால் ஓரளவுக்கு வரும். ஆதிரை. அந்தப் பெயருக்காக மாமியாரோடு எவ்வளவு மல்லுக்கட்டினாள். பார்கவி என்று வைக்கவேண்டும் என்று அவர்கள் பிடிவாதமாக இருந்தார்கள். பூங்காவில் குழந்தை தெருப்பக்கமாக ஓடினால், எதிரே லாரி வந்தால், பெயரைச் சொல்லிக் கூப்பிடவேண்டுமே. ஆ என்று வாயைத் திறந்தால் வந்துவிடவேண்டும். அதைப் போய் யாரிடம் சொல்வது. நட்சத்திரத்தின் பெயர், நல்ல தமிழ்ப் பெயர் என்று என்னவோ காரணம் சொல்லி வைத்துவிட்டாள். மூன்று வயதில் அந்தக் குழந்தை ஒருநாள் அ அ அ அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டு ஓடிவந்தது. தமயந்தி கையில் வைத்திருந்த குழம்புப் பாத்திரத்தை எங்கே வைக்கிறோம் என்று தெரியாமல் தரையில் வைத்தாள். சில வாரம் அப்படியே இருந்தது. என்னிடமிருந்து ஒட்டிக்கொண்டுவிட்டது என்று குழந்தைக்குக் கதை சொல்வதை நிறுத்தினாள், பாட்டு மட்டும் பாடினாள், பாட்டில் திக்காது. அந்த வயசில் நிறைய குழந்தைகளுக்கு வரும், போய்விடும் என்றார் டாக்டர். போயும்விட்டது. இப்போது ஆதிரை பேச்சுப் போட்டியில் கோப்பை வாங்கிக்கொண்டு வருகிறாள். ஆனால் அந்தச் சில வாரத்தில் நிறுத்தின கதையை இவள் மறுபடி ஆரம்பிக்கவே இல்லை. பத்மநாபன்தான் சொல்கிறான். நரிக்கு ஒரு குரல், முதலைக்கு ஒரு குரல் வைத்து நன்றாகத்தான் சொல்கிறான். இவள் சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டு பாத்திரம் தேய்ப்பாள்.

ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்ததும் மடியில் இருந்த சான்றிதழ் ஃபைலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். டோல்கேட் சிக்னலில் சிவப்பு விழுந்து வண்டி நின்றது. வெயில் பிடரியில் அடித்தது. எம்.எஸ்ஸி. வேதியியல் முடிச்சிருக்கேன். முன்னால் நின்ற பேருந்தில் கண்டக்டர் பின்பக்கப் படியில் தொங்கிக்கொண்டு யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். கல்லூரி நாட்களில் தில்லை நகர் என்று டிக்கெட் கேட்க முடியாமல் உறையூர் என்று கேட்டு, நிறுத்தத்தைத் தாண்டிப் போய் இறங்கி, வெயிலில் திரும்பி நடந்து வந்திருக்கிறாள். உறையூரில் வீடா என்று கேட்ட தோழிக்கு ஆமாம் என்று தலையாட்டினாள். கடையில் பால் என்று கேட்கமாட்டாள், ஆவின் என்பாள். கத்திரிக்காய் வாங்கப் போய் வெண்டைக்காயோடு வருவாள். நாள் முழுக்க ஒரு வார்த்தைக்குப் பதில் இன்னொரு வார்த்தை தேடிக்கொண்டே இருக்கிற வேலை இது. பேசுகிறவர்களுக்கு அவள் கொஞ்சம் யோசித்துப் பேசுகிற பெண் என்று தோன்றும். எல்லாவற்றுக்கும் பதில் வார்த்தை உண்டு. பெயருக்குத்தான் இல்லை. பச்சை விழுந்தது. எம்.எஸ்ஸி. முடித்த வருஷம் ஒரு மருந்துக் கம்பெனியிலிருந்து கல்லூரிக்கே வந்து ஆள் எடுத்தார்கள். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். பேர் கேட்டார்கள். அவளுக்குப் பேச்சு நின்றது. அவர்கள் தண்ணீர் கொடுத்தார்கள். குடித்தாள். மறுபடி கேட்டார்கள். ஒருவர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பார்த்ததை மறைக்கச் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டார். அவர் மறைத்ததுதான் தாங்கவில்லை. எழுந்து வந்துவிட்டாள். ஆய்வகத்துக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, யாரும் கேட்காத ஒரு சோதனையைச் செய்துகொண்டு நின்றாள். சொட்டுச் சொட்டாக விட்டு, எந்தச் சொட்டில் நிறம் மாறுகிறது என்று பார்ப்பது. அங்கே அவசரப்படுகிறவனுக்குத்தான் தப்பாக வரும். உலகத்திலேயே தன் வேகத்துக்குச் சரியான இடம் அதுதான் என்று அன்றைக்கு நினைத்தது நினைவிருக்கிறது. அதற்கப்புறம் பச்சைச் சேலை, மூக்குத்தி, இட்லி.

வேலைக்குப் போகவேண்டும் என்று ஆதிரை பள்ளியில் சேர்ந்த வருஷமே சொல்லிப் பார்த்தாள். ராத்திரிச் சாப்பாடு முடிந்து அவன் டிவி பார்த்துக்கொண்டிருந்தான். எதிரில் போய் நின்று "எனக்கு வே... வே..." என்றாள். வல்லினம்கூட இல்லை, பதற்றத்தில் அதுவும் அடைத்தது. "வேணாமா? சரி விடு, நான் அவங்ககிட்ட சொல்லிடறேன்" என்றான் அவன். அவனுடைய தங்கை வீட்டு விசேஷத்துக்குப் போவதைப் பற்றி அப்போதுதான் பேசிக்கொண்டிருந்தார்கள். இவள் அப்படியே நின்றுவிட்டு உள்ளே போனாள். விசேஷத்துக்கும் போகவில்லை, வேலைக்கும் போகவில்லை. அவன் டைல்ஸ் கடையில் வாடிக்கையாளர் பாதிச் சொல்லும்போதே மீதியைப் புரிந்துகொண்டு எடுத்துப் போடுகிறவன்; கடையில் அதற்காகவே அவனுக்குப் பெயர். அதே கையோடு வீட்டுக்கு வந்து இவள் வாக்கியங்களையும் எடுத்துக் கொடுத்தான். முதலில் எவ்வளவு ஆறுதலாக இருந்தது. கரையில் நின்று கை கொடுக்கிறவன் மாதிரி. டாக்டரிடம், பள்ளிக்கூடத்தில், போனில், எல்லா இடத்திலும் இவள் ஆரம்பிப்பாள், அவன் முடிப்பான். எப்போது அது மாறியது என்று தெரியவில்லை. இவள் தலைசுற்றல் என்று சொல்லப் போனால் அவன் தலைவலி என்பான். டாக்டர் தலைவலிக்கு எழுதிக் கொடுப்பார். இவள் அதை வாங்கி விழுங்குவாள். திருத்துவதற்கு இன்னொரு வாக்கியம் வேண்டும், அதையும் அவன்தான் முடிப்பான். கொஞ்சம் கொஞ்சமாக இவளுக்கு என்ன பிடிக்கும், எங்கே போகவேண்டும், யார்மேல் கோபம் எல்லாமே அவன் முடித்துவைத்தபடி ஆகிவிட்டது. சில சமயம் அவன் சொன்னபிறகு, ஒருவேளை நான் அதைத்தான் சொல்ல வந்தேனோ என்று இவளுக்கே சந்தேகம் வரும். அந்தச் சந்தேகம்தான் பயம். இந்த விளம்பரத்தைப் பார்த்தபோது, தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்துக்கு வேதியியல் படித்தவர் தேவை என்று படித்தபோது, அவனிடம் சொல்லவே இல்லை. தானே விண்ணப்பத்தை அனுப்பினாள். வரச் சொல்லிப் பதில் வந்தபிறகுதான் போனைக் காட்டினாள். அவனுக்கு ஒரே சந்தோஷம். அதிலும் பொய் இல்லை.

புத்தூர் நால்ரோட்டைத் தாண்டி ஒரு சந்துக்குள் திரும்பி, மாடிக் கட்டடத்துக்கு முன்னால் வேப்பமரத்தடியில் அவன் வண்டியை நிறுத்தினான். அவள் இறங்கிச் சேலையைச் சரிசெய்துகொண்டாள்.  எம்.எஸ்ஸி. வேதியியல். எம். எம்.

"பயப்படாத தமா" என்றான் அவன், ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே. "நான் நேத்தே அவங்க மேனேஜர்கிட்ட போன்ல பேசிட்டேன். ஆல்பர்ட்டுன்னு ஒருத்தர். தங்கமான மனுஷன். இந்த மாதிரி, அவளுக்குப் பேச்சு கொஞ்சம் வராது, மத்தபடி கெட்டிக்காரின்னு சொன்னேன். அதெல்லாம் ஒண்ணும் பிரச்சினையில்ல சார், அதிகம் கேக்கமாட்டோம்னுட்டாரு."

காது மடல் இரண்டும் சுட்டது. அவன் முகத்தைப் பார்த்தாள். நல்லது செய்துவிட்டு, அதைச் சொல்வதற்காகக் காலையிலிருந்து காத்திருந்த முகம். ஏன், ஏன் இப்படிச் செய்தீர்கள் என்றாவது கேட்டிருக்கலாம், ஏன் என்பது உயிரெழுத்துதான். ஆனால் அது வெறும் கேள்வி. அவளுக்கு வேண்டியிருந்தது கேள்வி இல்லை. கோபத்துக்கு வேண்டிய சொற்கள் அத்தனையும் அவளுக்குப் பூட்டின பக்கத்தில்தான் இருந்தன. வாய் திறந்து திறந்து மூடியது.

"ப... ப..."

"பயமா இருக்கா? ஒண்ணும் ஆகாது, போயிட்டு வா. நான் இங்கதான் நிக்கிறேன்."

படியேறும்போது கால் தானாகப் போனது. அப்படியானால் எல்லாருக்கும் தெரியும். குளியலறையில் உருட்டிப் பழகின வாக்கியம், நீலச் சேலை, ராத்திரி ஆதிரைக்கு முன்னால் செய்த ஒத்திகை எல்லாம் எதற்கு. உள்ளே போவதற்கு முன்பே அவள் வாய்க்குள் எட்டிப் பார்த்துவிட்டார்கள். திரும்பிப் போய்விடலாமா. திரும்பினால் அவன் நிற்பான், என்னாச்சு என்பான், அதற்கு ஒரு பதில் சொல்லவேண்டும், அதையும் அவனே சொல்லிக்கொள்வான். ஏறினாள். வரவேற்பில் இருந்த பெண் கணினியைப் பார்த்தபடி "பேர் சொல்லுங்க மேடம்" என்றாள். தமயந்தி கையிலிருந்த காகிதத்தை நீட்டினாள். அந்தப் பெண் படித்துவிட்டு நிமிர்ந்தாள். "ஓ, நீங்களா" என்றாள். குரல் அப்படியே குழைந்துவிட்டது. எழுந்து வந்து நாற்காலியைக் காட்டி, "உக்காருங்க, இங்க உக்காருங்க" என்று ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள், காது கேட்காதவளுக்குச் சொல்கிற மாதிரி. பக்கத்தில் ஒரு பையன் போனைப் பார்த்து எதையோ மனப்பாடம் செய்துகொண்டிருந்தான், கால் ஆடிக்கொண்டே இருந்தது. அவனைப் பார்த்தால் பொறாமையாக இருந்தது. அவனை எல்லாம் கேட்பார்கள். அவன் தப்பாகச் சொல்லலாம், உளறலாம், தெரியாது என்று சொல்லலாம். உள்ளேயிருந்து ஏதோ அமில வாசனை மெல்லியதாக வந்தது. அவளுக்குத் தெரிந்த வாசனை. அதை மூக்கு நிறைய இழுத்துக்கொண்டாள். இந்த வாசனைக்குப் பக்கத்தில் உட்காரவேண்டும் என்றுதானே வந்தது, யார் என்ன சொன்னால் என்ன, கிடைத்தால் போதாதா. போதாது என்று உள்ளே ஏதோ ஒன்று சொன்னது. 

அறைக்குள் இரண்டு பேர் இருந்தார்கள். சிரித்துக்கொண்டு எழுந்தவர் ஆல்பர்ட் என்று பார்த்ததுமே தெரிந்தது. அவருக்குப் பக்கத்தில், நரைத்த முடியை இழுத்துக் கட்டியிருந்த ஓர் அம்மாள் எதையோ படித்துக்கொண்டிருந்தார். "இவங்க யமுனா மேடம், எங்க ஆய்வகத் தலைவர்" என்றார் ஆல்பர்ட். "உக்காருங்கம்மா. சார் எல்லாத்தையும் சொன்னாரு. நீங்க ஒண்ணும் சிரமப்பட வேணாம். தமயந்தி, எம்.எஸ்ஸி., நல்ல மார்க். எல்லாம் இதுலயே இருக்கு. உள்ள உக்காந்து பாக்கற வேலைதான், பேச்சுக்கு அவசியமே இல்லாம பாத்துக்கலாம். நாங்க பேசிட்டு உங்க வீட்டுக்காரருக்குச் சொல்லிடறோம். நீங்க கிளம்பலாம்மா."

முடிந்துவிட்டது. நாற்காலி சூடாகக்கூட இல்லை. சின்ன வயசிலிருந்து அவள் எதற்காக எல்லாச் சாமியையும் வேண்டினாளோ அது நடந்தது: யாரும் பேர் கேட்காத ஓர் அறை. ஆறாவதில் புதுப் பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுக்கும்போது 'ப்ரசன்ட் மிஸ்' என்று சொல்ல வராமல், வகுப்பிலேயே உட்கார்ந்துகொண்டு வராதவளாகப் போன நாட்களில், டீச்சருக்குத் தொண்டை கட்டிக்கொள்ளவேண்டும் என்று வேண்டிக்கொண்டது ஞாபகம் வந்தது. அன்றைக்கு நான் இங்கேதான் இருக்கிறேன் என்று சொல்ல முடியவில்லை. இன்றைக்குச் சொல்லத் தேவையே இல்லை என்கிறார்கள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம். எழுந்து கும்பிட்டுவிட்டுப் போகலாம். வேலைகூடக் கிடைக்கலாம், பாவம் என்று கொடுப்பார்கள், ஓர் ஓரத்தில் உட்கார வைப்பார்கள், போன் அடித்தால் வேறு யாராவது ஓடிவந்து எடுப்பார்கள். வீட்டில் பத்மநாபன், இங்கே ஆல்பர்ட். கால் எழுந்திருக்கப் பார்த்தது. அவள் நாற்காலியின் கையைப் பிடித்தாள்.

"என்னைக் கே... கே..."

விசாரிங்க என்று மாற்றிக்கொள்ளலாம். வ இடையினம், சுலபமாக வரும். அந்தச் சொல் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. அவள் அதை எடுக்கவில்லை. ஆல்பர்ட்டின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல்.

"கே... கேள்வி கே... கேளுங்க."

யமுனா படித்துக்கொண்டிருந்ததைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். உதட்டைப் பார்க்கவில்லை, கண்ணைப் பார்த்தார். "சரி" என்றார். "உங்க பேர் என்ன?"

எம்.எஸ்ஸி. என்று ஆரம்பித்து உருண்டு வருகிற அந்த வழி எங்கேயோ போய்விட்டது. இவள் நேராகப் பெயரில் போய் நின்றாள். நாக்கு பல்லுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டது. கழுத்து நரம்பு புடைப்பது தெரிந்தது. ஏசி ஓடுகிற சத்தம் கேட்டது. எதிர்ச் சுவரில் தொங்கிய படத்தில் காவிரி தண்ணீரோடு போய்க்கொண்டிருந்தது. ஆல்பர்ட்டின் உதடு சத்தமில்லாமல் த என்று அசைவதைப் பார்த்தாள். அவருக்கு உதவி செய்யாமல் இருக்க முடியவில்லை. யமுனா அவர் பக்கம் திரும்பாமலே மேஜைமேல் கையை லேசாக விரித்தார். அவர் உதடு நின்றது. யாரும் தண்ணீர் கொடுக்கவில்லை. யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, ஆனால் அவ்வளவு நேரமும் அவளுடையதாக இருந்தது, வேறு யாரும் அதற்குள் வரவில்லை.

"த்... த... தமயந்தி."

"தமயந்தி" என்று யமுனா திருப்பிச் சொன்னார், சரிபார்த்துக்கொள்கிற மாதிரி. "ஒரு கிராமத்துலேர்ந்து ஒருத்தர் போன் பண்றாரு. எங்க ஊர்க் கிணத்துத் தண்ணி தேனா இருக்கு, நீங்க எப்படிக் குடிக்கக் கூடாதுன்னு எழுதிக் குடுக்கலாம்னு கத்துறாரு. என்ன சொல்லுவீங்க?"

"முதல்ல அவர் க... கத்தி முடிக்கட்டும்னு விட்டுடுவேன்" என்றாள் தமயந்தி. "நடுவுல பே... பேச மாட்டேன். அவர் முடிச்சதும், எந்தப் பா... பாட்டில்ல தண்ணி பு... புடிச்சீங்கன்னு கேப்பேன். க... கலர் குடிச்ச பாட்டிலா இருந்தா, கழுவாம புடிச்சிருந்தா, நாமளே போய் வேற எடுத்துட்டு வரணும். நம்ம ரிப்போர்ட்டும் தப்பா இருக்கலாம் மேடம்."

சொல்லி முடிக்க நிறைய நேரமானது. இரண்டு இடத்தில் வார்த்தை சுத்தமாக நின்றே போனது. எதையும் அவள் மாற்றவில்லை என்பது முடித்தபிறகுதான் அவளுக்கே தெரிந்தது. முதுகு முழுக்க வியர்த்திருந்தது. யமுனா சிரிக்கவில்லை, பாராட்டவும் இல்லை. குளோரைடு பற்றிக் கேட்டார், உப்பைப் பற்றிக் கேட்டார். ஒன்றுக்கு அவளுக்குப் பதில் தெரியவில்லை. "தெ... தெரியாது மேடம்" என்றாள். அந்த 'தெ' கூட இனித்தது.

"தினம் போன் வரும்" என்றார் யமுனா கடைசியில். "ஆல்பர்ட் சொல்ற மாதிரி உள்ளயே உக்காந்திருக்க முடியாது. நீங்கதான் எடுக்கணும். சில பேர் பாதியிலேயே வச்சிடுவாங்க."

"வைப்பாங்க" என்றாள் தமயந்தி. "மறுபடி நான் கூ... கூப்பிடுவேன்."

"திங்கக்கிழமை வாங்க. ஒரு மாசம் பாப்போம். சரியா வரலைன்னா நானே சொல்லிடுவேன், ஒளிக்க மாட்டேன்."

அவள் வெளியே வந்தபோது வெயில் ஏறியிருந்தது. பத்மநாபன் வண்டியின் மேல் சாய்ந்து நின்றவன் அவளைப் பார்த்ததும் நிமிர்ந்தான். வண்டியில் சாவியைப் போட்டுவிட்டான். "என்ன சொன்னாங்க? சீக்கிரம் விட்டுடுவாங்கன்னு பாத்தேன். இவ்வளவு நேரமா?"

"தி..." என்றாள். அடைத்தது. "தி... தி..."

அவன் வாயைத் திறந்தான். அவள் கையைத் தூக்கினாள். கோபமாக இல்லை, தெருவைக் கடக்கும்போது வருகிற வண்டியை நிறுத்துகிற மாதிரி. அவன் வாய் திறந்தபடி நின்றது. அந்த முகத்தை அவள் கவனமாகப் பார்த்தாள். அவனுக்குத் தெரியவில்லை. திருப்பி அனுப்பிட்டாங்க என்றாலும் தி, திட்டிட்டாங்க என்றாலும் தி. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவள் வாக்கியத்தின் மறுபாதி அவனிடம் இல்லை. அவனுடைய கண் அவள் உதட்டிலிருந்து மேலே ஏறி அவள் கண்ணுக்கு வந்தது. அதில் இருந்த பயத்தைப் பார்த்ததும் அவளுக்குப் பாவமாகக்கூட இருந்தது. மண்டே என்று சொன்னால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். அவள் சொல்லவில்லை. சந்து முனையில் ஒரு வேன் பின்னால் வந்து, நின்று, திரும்பிப் போனது. அவன் காத்திருந்தான்.

"தி... திங்கக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க."

அவன் மூச்சை விட்டான். சிரிப்பு முகம் முழுக்கப் பரவியது. "எனக்குத் தெரியும், நான் போன் பண்ணதுமே அவர்..."

"இருங்க" என்றாள் தமயந்தி. "அந்தப் போ... போனைப் பத்தித்தான். நான் இன்னும் முடிக்கல."

 பத்மநாபன் வண்டியிலிருந்து சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மரத்தடிக்கு வந்து அவளுக்கு எதிரில் நின்றான்.